திரையும் கையெழுத்தும்: வடசென்னை முஸ்லிம் பெண்களும் மருத்துவமனையும்

1. கேள்வி

முஸ்லிம் பெண்கள் ஆண் மருத்துவரிடம் உடம்பைக் காட்டத் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தால் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவார்கள் என்பது மருத்துவ உலகில் வழிவழியாக வரும் ஒரு நம்பிக்கை. வளைகுடா நாடுகள், ஈரான், பாகிஸ்தான், அமெரிக்காவில் குடியேறிய முஸ்லிம்கள் எனப் பல இடங்களில் நடந்த ஆய்வுகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. அமெரிக்க முஸ்லிம் பெண்களிடையே ஆசிம் பதேலாவும் அவருடைய குழுவினரும் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, பெண் மருத்துவர் கிடைக்காததால் சிகிச்சையைத் தள்ளிப்போடும் பழக்கம் உண்மையானது என்று நிறுவியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே விளக்கத்தை எடுத்துவந்து ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் பொருத்தும்போது கணக்கு உதைக்கிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தில் முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு; சென்னை மாவட்டத்தில் ஒன்பது விழுக்காட்டுக்குச் சற்று மேல். மருத்துவமனைக்கு வெளியே நிகழும் அந்த 0.4 விழுக்காடு பேறுகள் அத்தனையும் முஸ்லிம் வீடுகளில்தான் நடந்தன என்று வைத்துக்கொண்டாலும்கூட, பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட முஸ்லிம் தாய்மார்கள் மருத்துவமனையில்தான் பிள்ளை பெறுகிறார்கள் என்றே கணக்கு வரும். அதாவது வாசலில் எந்தத் தடையும் இல்லை. அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். உள்ளே போன பிறகு மருத்துவருக்கும் அவர்களுக்கும் இடையில் நடப்பது என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பெண் மருத்துவர் வேண்டும் என்ற கோரிக்கை இந்நகரத்தில் ஏறத்தாழ 140 ஆண்டுகளுக்கு முன்பே வென்றுவிட்டது. தோற்றுக்கொண்டிருப்பது வேறு: மறைவு, பேச்சு, சம்மதம் ஆகிய மூன்றும். இவற்றின் குறைபாட்டை மதத்தின் கணக்கில் எழுதிவைப்பது நிர்வாகத்துக்கு வசதியாக இருக்கிறது.

2. 'சாதிப் பெண்டிரும் கோஷாப் பெண்டிரும்'

சென்னையின் பெண் மருத்துவ வரலாற்றை மேரி ஷார்லீப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். வழக்கறிஞரான கணவருடன் சென்னைக்கு வந்த ஆங்கிலப் பெண்மணி அவர். பிரசவத்தின்போது உதவி கிடைக்காமல் இந்து, முஸ்லிம் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரானார். அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டவர்களில் முக்கியமானவர் அன்றைய தலைமை அறுவை மருத்துவ அதிகாரி எட்வர்ட் பால்ஃபர். சென்னையில் 'முகம்மதிய பொது நூலகம்' அமைய 1850இல் முன்கை எடுத்தவரும் இவரே. கான்குவெஸ்ட் எழுதிய ஆங்கில மகப்பேற்று நூலை இந்துஸ்தானியில் தாமே மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். நோயாளியின் மொழியில் மருத்துவம் பேச வேண்டும் என்ற எண்ணம் அன்று ஓர் அதிகாரிக்கு இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம். பின்னால் இது தேவைப்படும்.

லண்டனில் பட்டம் பெற்றுத் திரும்பிய ஷார்லீப்பின் முயற்சியால் 1885இல் பெண்களே நடத்தும் மருத்துவமனை ஒன்று தொடங்கியது. 1890இல் சேப்பாக்கத்துக்கு இடம் மாறியது. இன்று அது கஸ்தூர்பா காந்தி மகப்பேறு மருத்துவமனை. ஊர் வாயில் இன்னமும் 'கோஷா ஆஸ்பத்திரி'. அதன் முதற்பெயர் 'சாதிப் பெண்டிர், கோஷாப் பெண்டிருக்கான விக்டோரியா மருத்துவமனை' என்னும் பொருள்பட அமைந்தது. ஆய்வாளர்கள் இந்தப் பெயரின் பின்பாதியிலேயே, அதாவது திரைக்குள் வாழும் முஸ்லிம் பெண்களைக் குறிக்கும் 'கோஷா'விலேயே, நின்றுவிடுவது எனக்கு வியப்பளிக்கிறது. முன்பாதியில் இருப்பவர்கள் யார்? ஆண் மருத்துவர் தொடுவதை ஏற்காத, பிற சாதியார் பக்கத்துக் கட்டிலில் படுப்பதையும் ஏற்காத மேல்சாதி இந்துப் பெண்கள். நிறுவியவர்களின் கண்ணுக்குத் திரை இரண்டு வகையினருக்கும் பொதுவாக இருந்தது. காலப்போக்கில் சாதிப் பெண்ணின் கூச்சம் 'குடும்பப் பாங்கு' ஆகிவிட்டது. முஸ்லிம் பெண்ணின் கூச்சம் மட்டும் 'மதக் கட்டுப்பாடு' என்றே நின்றுவிட்டது.

அதே 1885இல் டஃபரின் சீமாட்டி நிதியம் உருவானது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களை வழங்குவதாகச் சொன்ன அந்நிதியத்தைப் பற்றி மனிஷா லால் 1994இல் எழுதிய கட்டுரை, அந்தப்புரப் பெண்ணின் அவல நிலை என்னும் சித்திரம் ஏகாதிபத்தியத்துக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை எடுத்துக்காட்டியது. பிரிட்டிஷ் பெண் மருத்துவர்களுக்குச் சொந்த நாட்டில் கிடைக்காத வேலை இங்கே கிடைத்தது என்பது இன்னொரு பக்கம். இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்க்க வேண்டும். சித்திரம் மிகையாக இருக்கலாம், ஆனால் நோயாளிகள் உண்மையானவர்கள். அவர்கள் நடந்தும் பல்லக்கிலும் வந்தார்கள்.

வடசென்னைக்கு இந்த வரலாறு இரண்டு வழியாக வந்தது. ஸ்காட்லாந்து மிஷன் சார்பில் 1888இல் சென்னை வந்த மருத்துவர் மெட்டில்டா மெக்ஃபெயில் தொடங்கிய சிறு மருந்தகம் வளர்ந்து ராயபுரத்தின் ரெய்னி மருத்துவமனை ஆனது. இன்னொன்று, துபாஷி மரபில் வந்த கொடையாளர் சவலை இராமசாமி முதலியாரின் பெயரால் ராயபுரத்தில் எழுந்த பேறுகால மருத்துவமனை. பெயரைச் சுருக்கி எல்லோரும் 'ஆர்.எஸ்.ஆர்.எம்.' என்கிறார்கள்; ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஒன்று கிறித்தவ மிஷனின் வேலை, மற்றொன்று இந்து வணிகரின் கொடை. இரண்டுக்கும் மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை முஸ்லிம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறார்கள். மிஷன் மருத்துவத்தில் மருந்தோடு வேத வாசகமும் உண்டு என்பது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. மருந்தை வாங்கிக்கொண்டு வாசகத்தை வாசலிலேயே விட்டுவரும் விவேகம் அக்குடும்பங்களுக்கு இருந்தது.

3. சட்டநூல்கள் சொல்வது

மார்க்கம் ஆண் மருத்துவரைத் தடுக்கிறதா? இஸ்லாமியச் சட்ட மரபு இக்கேள்வியை மிகப் பழங்காலத்திலேயே எதிர்கொண்டது. நபித்தோழியரில் ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் போன்றோர் போர்க்களத்தில் காயம்பட்ட ஆண்களுக்குச் சிகிச்சை செய்த செய்தி புகாரியின் நபிமொழித் தொகுப்பிலேயே உள்ளது. பத்தாம் நூற்றாண்டின் அந்தலூசிய அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, பெண்களுக்குச் சிறுநீர்ப்பைக் கல் அகற்றும் முறையை விவரிக்கையில், தேர்ந்த மருத்துவச்சி ஒருத்தியின் கையைக் கொண்டு மருத்துவர் சொல்லச் சொல்லச் செய்யும் வழியைக் குறிப்பிடுகிறார். ஆணின் அறிவும் பெண்ணின் கையும் சேர்ந்த இந்த ஏற்பாட்டை ஆவ்னர் கிலாடியின் 'முஸ்லிம் மருத்துவச்சிகள்' (2015) விரிவாக ஆராய்ந்திருக்கிறது.

நவீன காலத் தீர்ப்புகளில் தெளிவானது, சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு (சட்டவியல்) அகாடமி 1993இல் புருணையில் கூடியபோது நிறைவேற்றிய தீர்மானம். அது ஒரு வரிசையைத் தருகிறது: முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், இல்லையெனில் நம்பிக்கைக்குரிய முஸ்லிமல்லாத பெண் மருத்துவர், அவரும் இல்லையெனில் முஸ்லிம் ஆண், கடைசியாக முஸ்லிமல்லாத ஆண். ஆண் மருத்துவர் பார்க்கும்போது தேவையான இடத்தை மட்டும் பார்க்க வேண்டும். கணவரோ மஹ்ரமோ (மணக்கத் தகாத நெருங்கிய ஆண் உறவினர்) நம்பகமான பெண்ணோ உடன் இருக்க வேண்டும்.

இவ்வரிசையில் முஸ்லிம் ஆணுக்கு முன்னால் முஸ்லிமல்லாத பெண் நிற்பதைக் கவனிக்க வேண்டும். மதத்தைவிடப் பாலினத்துக்கே இங்கு முன்னுரிமை. ராயபுரத்து நடைமுறையும் பெரும்பாலும் இதுதான். மகப்பேற்றுத் துறையில் பெண்களே மிகுதியாக இருக்கும் தமிழ்நாட்டில், இந்துவோ கிறித்தவரோ ஆன பெண் மருத்துவரிடம் செல்வதில் யாருக்கும் மனக்கலக்கம் இருப்பதாகத் தெரியவில்லை. நிர்ப்பந்தம் வந்தால் விலக்கு உண்டு என்ற விதியும் பாமரருக்குத் தெரிந்ததே. நள்ளிரவில் சிசேரியனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர் ஆண் என்பதற்காக எழுந்து போன பெண்ணைப் பற்றி நான் கேட்டதில்லை.

சட்டநூல் கேட்கும் மற்ற இரண்டையும் (தேவையான அளவுக்கு மேல் திறக்காதிருத்தல், துணைக்கு ஒரு பெண் இருத்தல்) தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனமும் கேட்கிறது. ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கையில் வேறொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது அதில் பொது உரிமையாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஃபிக்ஹு அறிஞர்களும் மதச்சார்பற்ற ஆணையமும் ஒரே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். எனில் 'மதக் கோரிக்கை' என்று நாம் பெயரிட்டது எதை?

4. புறநோயாளிப் பகுதியில்

எண்ணூரிலிருந்தும் கத்திவாக்கத்திலிருந்தும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்தில் வந்து இறங்கும் பெண்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு அதில் வருகிறவர்கள். காசிமேட்டு மீனவப் பெண்கள். பர்மா நகரத்துத் தமிழர்கள். உருது பேசும் தக்கணி முஸ்லிம்கள். தமிழ் பேசும் ராவுத்தர், மரைக்காயர், லெப்பை வீட்டுப் பெண்கள். வடசென்னை அரசு மருத்துவமனைகளின் வரிசை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இங்கே முஸ்லிம் பெண் தனித்தீவு அல்லள். ஆகவே அவளை அவள் பக்கத்தில் நிற்பவளோடு ஒப்பிட்டுத்தான் எதையும் சொல்ல முடியும். மேலைநாட்டு ஆய்வுகளுக்கு இல்லாத வசதி இது.

ஒப்பிட்டால் தெரிவது: கூச்சம் எல்லோருக்கும் உண்டு. வெள்ளைபடுதல் என்று சொல்லவே மீனவப் பெண்ணும் குரலைத் தாழ்த்துகிறாள். கர்ப்பப்பை இறங்கியதை ஆண்டுக்கணக்கில் துணியைக் கட்டிச் சமாளிப்பவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். சென்னையில் 1995இல் களப்பணி செய்த மானிடவியலாளர் செசிலியா வான் ஹாலன் எழுதிய 'பிறப்பின் வாசலில்' என்ற பொருள்படும் நூல் (2003), ஏழைப் பெண்கள் அரசு மருத்துவமனைகளைப் பற்றிச் சொன்ன குறைகளைப் பதிவு செய்தது. திட்டு, கையூட்டு, துணைக்கு ஆள் இல்லாத பிரசவ அறை, கேளாமலே போடப்பட்ட காப்பர்-டி. இவற்றில் எதுவும் ஒரு மதத்துக்குரியதல்ல.

போதனா மருத்துவமனையில் இன்னொன்றும் சேர்கிறது. நோயாளியின் உடம்பே பாடப்புத்தகம். ஒருவர் பார்த்த உள்பரிசோதனையை அடுத்தவரும் பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவரும் கற்றாக வேண்டும். பயிற்சி மருத்துவர்களில் ஆண்களும் உண்டு. கட்டிலைச் சுற்றித் திரை இருந்தாலும் அதை இழுத்துவிட யாருக்கும் நேரமில்லை. எந்த ஒரு மருத்துவமனையின் தனிக்குறையும் அல்ல இது. உலகெங்கும் மருத்துவக் கல்வி இப்படித்தான் வளர்ந்தது. பிரசவத்தின்போது நிகழும் அவமதிப்பு உரிமை மீறலே என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது 2014இல்தான். இந்திய அரசு 2016இல் பிரசவத் துணையை அனுமதித்தது, 2017இல் 'லக்ஷ்யா' திட்டத்தில் மரியாதையான பேறுகாலப் பராமரிப்பைச் சேர்த்தது. உத்தரவுகள் உள்ளன. ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுக்க நேரும் இரவில் உத்தரவு என்ன செய்யும் என்பது வேறு விஷயம்.

முஸ்லிம் பெண்ணின் நிலை எங்கே வேறுபடுகிறது? மற்றவர்களுக்கும் உள்ள அதே குறை அவளுக்கு வரும்போது விளக்கம் மாறிவிடுகிறது. மீனவப் பெண் பரிசோதனைக்கு மறுத்தால் 'பயப்படுகிறாள்'. புர்கா அணிந்தவள் மறுத்தால் 'அவங்க மதத்துல விடமாட்டாங்க'. முதலாமவளுக்கு ஆறுதல் சொல்ல ஒரு செவிலியராவது வருவார். இரண்டாமவளுக்கு அதுவும் தேவையில்லை என்று முடிவாகிவிடுகிறது, காரணம்தான் தெரிந்துவிட்டதே. கடைகளிலும் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் புர்கா அணிந்த பெண்கள் மரியாதைக் குறைவாக நடத்தப்படுவதாக முறையிட்டதை 2006இல் இந்திய முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு பதிவு செய்தது. உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோரில் நெடுங்காலம் ஆய்வு செய்த பட்ரீஷியா, ரோஜர் ஜெஃப்ரி இணையரும், அரசுச் சுகாதாரச் சேவைகளிடமிருந்து முஸ்லிம்கள் விலகி நிற்பதற்கு மதக் கோட்பாட்டைவிட அரசு நிறுவனங்கள் மீதான அவநம்பிக்கையும் அவை எட்டாத தொலைவில் இருப்பதுமே காரணம் என்று வாதிட்டார்கள். வடசென்னையில் தொலைவு இல்லை. அவநம்பிக்கை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

இப்பெண்கள் ஊமைகள் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் வாரக்கணக்கில் இரவும் பகலும் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இதே வரிசையில் நிற்கும் பெண்கள்தாம். அரசோடு பேசத் தெரிந்தவர்களுக்கு மருத்துவரோடு பேச வாய் வரவில்லை என்றால், குறை அவர்கள் வாயில் இல்லை.

5. உதிரப்போக்கு, தொழுகை, நோன்பு

மருத்துவரும் நோயாளியும் ஒருவரை ஒருவர் தவறவிடும் இடம் எது என்று கேட்டால், நான் ஆடையைக் காட்டமாட்டேன்; மாதவிலக்குக் கணக்கைக் காட்டுவேன். இதைப் பற்றி எழுதுபவர்கள் மிகக் குறைவு.

ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு உதிரப்போக்கு மருத்துவச் செய்தி மட்டுமல்ல. விலக்கு நாட்களில் தொழுகை இல்லை, நோன்பு இல்லை. விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்ய (ஈடுகட்ட) வேண்டும். தொழுகைக்கு அது வேண்டாம். உதிரம் வழக்கமான நாட்களைத் தாண்டினால் அது 'ஹைள்' என்ற விலக்கா, 'இஸ்திஹாளா' என்ற நோயா என்று தீர்மானித்தாக வேண்டும். நோய் என்றால் அவள் குளித்துவிட்டுத் தொழ வேண்டியவள். எல்லை எத்தனை நாள்? ஹனஃபி மத்ஹபில் (சட்டப்பிரிவில்) பத்து, ஷாஃபி மத்ஹபில் பதினைந்து. ராவுத்தர்களும் உருது பேசுபவர்களும் பெரும்பாலும் ஹனஃபிகள், மரைக்காயர்கள் ஷாஃபிகள். ஆகப் பன்னிரண்டாம் நாளில் ஒரே அளவு உதிரப்போக்கோடு பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருத்தி தொழ வேண்டியவள், மற்றவள் தொழக்கூடாதவள். பேறுகாலத் தீட்டுக்கும் அப்படித்தான்: ஹனஃபியில் அதிக அளவு நாற்பது நாள், ஷாஃபியில் அறுபது.

இதன் மருத்துவப் பயன் பெரிது. நாள் கணக்கை இவ்வளவு நுட்பமாக வைத்திருக்கும் நோயாளி எந்த மகப்பேற்று மருத்துவருக்கும் வரப்பிரசாதம். 'எத்தனை நாள் தொழுகை இல்லை?' என்று கேட்டால் துல்லியமான பதில் வரும்; நிறம், அளவு, இடைவெளி எல்லாம் வரும். கேட்பதில்லை. மருத்துவக் கல்லூரிப் பாடத்தில் இது இல்லை. அவளோ இதைச் சொன்னால் 'இதையெல்லாம் எதுக்கும்மா என்கிட்ட சொல்றே' என்று கடிந்துகொள்வார்களோ என்று விழுங்கிவிடுகிறாள். நாற்பத்தைந்து வயதில் ஓயாத உதிரப்போக்கோடு வருபவள் கர்ப்பப்பையை எடுத்துவிடச் சம்மதிப்பதற்கு, வருடக்கணக்கில் தொழுகை குழம்பிக் கிடக்கும் வேதனையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது மருத்துவருடைய குறிப்பேட்டில் ஏறுவதே இல்லை. மாத்திரையாலோ கருப்பைக்குள் வைக்கும் சாதனத்தாலோ சரிசெய்ய வாய்ப்புள்ள உதிரப்போக்கு கத்திக்குப் போகிறது.

ரமலானில் இது கூர்மையாகிறது. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நோன்பிலிருந்து சலுகை உண்டு; எல்லா மத்ஹபுகளும் ஏற்பது இது. ஆனாலும் பலர் நோன்பு வைக்கிறார்கள். வீடே விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவுக்கு எழும்போது தான் மட்டும் தூங்குவதும், பிறகு தனியாக முப்பது நாள் களாச் செய்வதும் அவர்களுக்குப் பாரமாகத் தெரிகின்றன. மருத்துவரிடமிருந்து வருவது பெரும்பாலும் ஒற்றைக் கட்டளை: 'நோன்பெல்லாம் வைக்கக்கூடாது.' பெண் தலையாட்டிவிட்டு வந்து நோன்பு வைக்கிறாள், அடுத்த மாதம் அதை மறைக்கிறாள். கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவள் இப்படி மறைத்தால் ஆபத்து உண்மையானது. 'உங்க மார்க்கத்துலயே சலுகை இருக்கு, இந்த நிலையில அதைப் பயன்படுத்திக்கோங்க' என்று மருத்துவரே சொல்லத் தெரிந்திருந்தால் மறைக்க வேண்டிய தேவை எழாது. நோன்பு தவறாமலிருக்கவும் ஹஜ், உம்ராவுக்காகவும் விலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரையைக் கடையில் நேரடியாக வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டிய மருந்து அது. கேட்கும் அளவுக்கு உறவு இல்லை.

இத்தா இன்னொன்று. கணவர் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் விதவை வீட்டோடு இருக்கும் அக்காலத்தில் சிகிச்சைக்கு வெளியே போகத் தடையில்லை என்றே சட்டம் சொல்கிறது. ஆனால் போகாமலிருப்பதே பெருமை என்று சுற்றம் சொல்கிறது. இங்கே தவறு மருத்துவமனையுடையது அல்ல. ஜமாஅத்தும் ஆலிம்களும் வெள்ளிக்கிழமை மேடையில் சொல்லித் திருத்த வேண்டிய விஷயம் இது. சமூகத்தின் பங்கை மறைத்து எழுதுவதும் நேர்மையாகாது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலும் பொதுக்குறையும் தனிக்குறையும் பின்னிக் கிடக்கின்றன. 30 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் இதற்கான பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் 9.8 விழுக்காடு என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. எல்லா மதத்தவருக்குமாக இவ்வளவுதான். முஸ்லிம் பெண்களிடையே இந்நோய் குறைவு என்று பழைய மும்பைப் பதிவேடுகள் காட்டியதால், 'உங்களுக்கெல்லாம் வராது' என்ற அலட்சியத்துக்கும் இடமுண்டு. குறைவு என்றால் இல்லை என்று பொருளல்ல. பெண்ணே மாதிரியை எடுத்துத் தரும் எச்.பி.வி. (இந்நோய்க்குக் காரணமான வைரஸ்) பரிசோதனையை 2021இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டது. கூச்சம்தான் தடை என்று மெய்யாகவே நம்புகிறவர்கள் முதலில் கொண்டுவந்திருக்க வேண்டியது அதைத்தான்.

6. சந்தேகம் என்னும் நோய்

மருத்துவர்–நோயாளி உறவைத் தனி அறையில் நடக்கும் இருவர் உரையாடலாக மட்டும் பார்க்க முடியாத காலம் இது. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, குருநாகல் மருத்துவமனையின் முஸ்லிம் மகப்பேற்று மருத்துவர் ஷாஃபி சிஹாப்தீன் ஆயிரக்கணக்கான சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்று ஒரு நாளிதழ் எழுதியது, அவர் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையே நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதற்குள் நம்பிக்கை நொறுங்கிவிட்டது. தான் பிள்ளை பெற உதவிய கைகளையே தாய்மார்கள் சந்தேகிக்க நேர்ந்தது.

தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. ஆனால் 2023 மே மாதம் நாகப்பட்டினம் மாவட்டம் திருப்பூண்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரவுப் பணியில் இருந்த பெண் மருத்துவரிடம் ஏன் ஹிஜாப் அணிந்திருக்கிறீர்கள் என்று ஓர் அரசியல் கட்சிக்காரர் தகராறு செய்து அதைப் படமும் பிடித்தார். வழக்குப் பதிவானது. நோயாளியாக வரும் முஸ்லிம் பெண் பெண் மருத்துவரைக் கேட்டால் பிற்போக்கு. முஸ்லிம் பெண் ஒருவர் படித்து மருத்துவராகி வந்து நின்றால் உடை சரியில்லை. இரண்டு வாதமும் சில நேரம் ஒரே வாயிலிருந்து வருவதுதான் வேடிக்கை.

7. கையெழுத்து யாருடையது?

கடைசியாகச் சம்மதம். முஸ்லிம் பெண்ணுக்காக எல்லா முடிவையும் கணவர்தான் எடுக்கிறார் என்ற குற்றச்சாட்டு மருத்துவர்கள் பலர் சொல்வது. பாதி உண்மை. மீதிப் பாதிக்கு மருத்துவ அமைப்பு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் பெண் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் கருத்தடை 0.1 விழுக்காடு. அரசின் குடும்பநலத் திட்டம் என்றாலே இங்கு இரண்டாம் பிரசவத்தோடு பெண்ணுக்குச் செய்யும் அறுவை என்றாகிவிட்டது. நிரந்தரக் கருத்தடையை உயிராபத்து போன்ற காரணமின்றி ஆகாது என்று ஆலிம்களில் பெரும்பான்மையோர் கருதுகிறார்கள். தற்காலிக முறைகளுக்கு அவ்வளவு எதிர்ப்பு இல்லை. இமாம் கஸ்ஸாலி காலத்திலேயே அதற்கு அனுமதி பேசப்பட்டிருக்கிறது. ஆக, இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு முஸ்லிம் பெண் தேர்ந்தெடுக்க நிறைய இடம் உண்டு. ஆனால் பிரசவ மேசையில் அவளுக்கு முன் வைக்கப்படும் கேள்வி பெரும்பாலும் 'ஆபரேஷன் பண்ணிக்கிறியா, இல்லையா?' என்பது மட்டும். மறுத்தால் மதம்; ஒப்புக்கொண்டால் கணவரை அழைத்து வரச் சொல்கிறார்கள். நாடு முழுவதுமான முஸ்லிம் பெண்களின் மகப்பேற்று விகிதம் 1992–93இல் 4.4ஆக இருந்து 2019–21இல் 2.36ஆகக் குறைந்தது. இவ்வளவு பெரிய மாற்றத்தைத் தாங்களே நடத்தியவர்களிடம் முடிவெடுக்கும் திறன் இல்லை என்பது எப்படிப் பொருந்தும்?

சட்டம் இதில் குழம்பியே கிடக்கிறது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டத்துக்கு வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், மயக்கத்தில் கிடந்த பெண்ணின் கர்ப்பப்பையை வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்று அகற்றியது செல்லாது என்று தீர்ப்பளித்தது: தன் உடம்புக்குத் தானே சம்மதிக்க வேண்டும், அதுவும் விளங்கிக்கொண்டு. கருத்தடை முகாம்கள் குறித்த 2016ஆம் ஆண்டின் தேவிகா பிஸ்வாஸ் தீர்ப்பு, சம்மதத்தை அவளுக்குப் புரியும் மொழியில் பெற வேண்டும் என்று வலியுறுத்தியது. பால்ஃபர் தன் காசில் மகப்பேற்று நூலை அச்சிட்டதை இங்கு நினைத்துப் பார்க்கலாம்; உருது மட்டும் பேசும் மூதாட்டிக்குப் புரியும்படி ஒரு சம்மதப் படிவமாவது ராயபுரத்தில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டாமா? கருத்தடைக்குக் கணவர் சம்மதம் தேவையில்லை என்று சுகாதார அமைச்சகத்தின் 2006ஆம் ஆண்டுத் தரநெறிகளே சொல்கின்றன.

இவை அனைத்துக்கும் எதிராக நிற்பது மருத்துவர்களின் சொந்த நடத்தை விதி. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி 7.16, மலட்டுத்தன்மை ஏற்படுத்தக்கூடிய அறுவைக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் வேண்டும் என்கிறது. முஸ்லிம் கணவரின் ஆதிக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் மருத்துவர், எல்லா மதக் கணவருக்கும் அந்த ஆதிக்கத்தை எழுத்தில் வழங்கும் விதிக்குக் கீழ்தான் பணிபுரிகிறார். திரை வீட்டில் மட்டும் தொங்கவில்லை.

அந்த விதிகளுக்கு மாற்றாக, கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் புதிய விதிகளை வெளியிட்டது. வேறு காரணங்களுக்காக எழுந்த எதிர்ப்பால் அம்மாத இறுதிக்குள் அவற்றை நிறுத்திவைத்து, 2002ஆம் ஆண்டு விதிகளையே மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.